பியூன் பென்ஷனும் என் வயசும்

பக்கத்து வீட்டுக்காரி மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தோம். அவள் புருஷன் சர்க்கார் ஆபீசில் பியூன். காக்கிச் சட்டையோடு அவர் காகிதக் கட்டு தூக்கிப் போவதைப் பார்த்தால் அந்த நாளில் எனக்குப் பாவமாக இருக்கும். என் வீட்டுக்காரர் நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

பியூன் ரிட்டையர் ஆனார். மாதம் பிறந்தால் தலைவாரி, சைக்கிளில் போய்ப் பென்ஷன் வாங்கி வருவார். என் வீட்டுக்காரர் அவரைவிட மூத்தவர். முழங்கால் வீங்கி, கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியில் இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். அவர் நெய்யாவிட்டால் எங்களுக்கு உலை கிடையாது.

"உனக்கு இன்னாம்மா, கைத்தொழில் இருக்குது" என்பாள் அவள்.

"இருக்குது. நீயும் வந்து ரெண்டு இழை போடேன், தூக்கம் தெளியும்" என்பேன்.

அப்போதுதான் நெசவாளர் சங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. சங்கத்துக்கு நெய்தால் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள், சர்க்காரும் கொஞ்சம் போடும், வயதான காலத்தில் கைக்கு வரும். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார். வயது கடந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

"என் பேர்ல எழுதச் சொல்லு" என்றேன்.

"பொம்பள குழியில உக்காந்தா ஊர் சிரிக்கும்."

"ஊரா சோறு போடுது?"

எங்கள் வீடுகளில் குழி ஆணுக்கு. பெண் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள், நூல் சுற்றுவாள். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு நானே நெய்து முடித்திருக்கிறேன். அதுவும் அவர் நெய்ததாகத்தான் போகும்.

பேர் கொடுத்தபின், நான் நெய்வது நிஜம்தானா என்று பார்க்கச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கதவை அகலத் திறந்து வைத்துக் குழியில் இறங்கினேன். என் இடத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து, தலை நிமிராமல் கரை நாடாவைத் தள்ளினார். ஒரு சாண் நெய்து காட்டினேன்.

"கை நல்லா ஓடுது. வயசு?" என்றார் சங்கத்துக்காரர்.

சொன்னேன். எனக்கும் அந்த வயது கடந்திருந்ததால் ஏழெட்டு வருஷம் குறைத்துத்தான் சொன்னேன்.

"பாத்தா அப்படித் தெரியலியேம்மா."

தறிச் சத்தத்தில் தூக்கம் கலைந்து பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சங்கத்துக்காரர் அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, இவங்களுக்கு இன்னா வயசு இருக்கும்?" என்றார்.

மிதியில் என் கால் அப்படியே நின்றது. அவள் இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வரும்போது என் இடுப்பில் இரண்டாவது பிள்ளை. என் வயது அவளுக்குத் தெரியாதா?

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் குனிந்திருந்த என் வீட்டுக்காரரையும் பார்த்தாள்.

"என்னைவிடச் சின்னவ சார். உழைச்சு உழைச்சு இப்படி ஆயிட்டா."

சங்கத்துக்காரர் எழுதிக்கொண்டார். நான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நன்றி என்று வாயில் வரவில்லை. அவளே காபி கொடுத்தாள்.

"ஒரு வார்த்தைதானே. எங்களுக்கு இன்னாம்மா கொறை?" என்றாள்.

குறையில்லாதவளுக்கு நல்லவளாக இருப்பதுகூட எத்தனை சுலபம் என்று வயிறு எரிந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து குழியில் இறங்கினேன்.