ஜீப்புக்கு நலங்கு வைத்த நாள்

போன வருடம் பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரைத் தாண்டி இருக்கிறது எங்கள் தெரு. அன்று காலை அந்தத் தெருவில் ஒரு பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு ஐம்பது வயது ஆள் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆள் நான்தான். ஏன் ஓடினேன் என்பதைச் சொல்வதற்கு முன், யாரை விட்டுவிட்டு ஓடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கை ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. ‘ஆகவில்லை’ என்று நாங்கள் சொல்வோம், ‘வேண்டாம்’ என்று அவள் சொல்வாள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவள் ஒரு பழைய ஜீப் வாங்கினாள். காடு மேடெல்லாம் ஏறக்கூடிய, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஆனால் அதில் இருந்த பெட்ரோல் இன்ஜினுக்கு வயதாகிவிட்டது. மேடவாக்கம் போய் வருவதற்குள் இருமல், விக்கல், மயக்கம் எல்லாம் வந்துவிடும். டீசல் இன்ஜின் மாற்றப் போகிறேன் என்றாள். அவளும் என் மாமியாரும் இருப்பது கீழ்க்கட்டளையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே ஸ்கூட்டர் நிறுத்தவே சண்டை. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்ததால் ஜீப் எங்களிடம் வந்து சேர்ந்தது.

யாரையாவது வைத்துச் செய்வாள் என்று நினைத்தேன். அவளே செய்தாள். படப்பையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு இடத்தில் ஒரு டீசல் இன்ஜினைப் பிடித்தாள். ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதிக்கு அவளே அலைந்தாள். பிறகு ஞாயிறு தவறாமல் வந்தாள். முக்காலி மாதிரி மூன்று இரும்புக் குழாய்களை நட்டு, சங்கிலி போட்டு, பழைய இன்ஜினை அவள் வெளியே தூக்கியபோது நான் பக்கத்தில் நின்று ‘பார்த்து, பார்த்து’ என்று சொன்னேன். என் பங்களிப்பு பெரும்பாலும் அந்த அளவில்தான் இருந்தது.

புது இன்ஜின் பழைய இடத்தில் உட்காரவில்லை. நீளம் அதிகம், அதைத் தாங்கும் கால்கள் பொருந்த வேண்டிய இடமும் வேறு. நானாக இருந்தால் அன்றைக்கே இரண்டையும் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பேன். அவள் என் மனைவியின் பட்டுப்புடவை அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினாள். அந்த அட்டையில் தாங்கிகளின் மாதிரியை வெட்டி, வைத்துப் பார்த்து, சரியில்லை என்று கிழித்து, மறுபடி வெட்டினாள். அட்டை சரியான பிறகுதான் இரும்பைத் தொட்டாள். பழைய கியர்ப்பெட்டியும் புது இன்ஜினும் ஒன்றோடு ஒன்று பொருந்த நடுவில் ஒரு தகடு லேத் பட்டறையில் கடைந்து வந்தது. அதை மாட்டும்போது ஒரு போல்ட் ஓட்டை மயிரிழை தள்ளி இருக்கிறது என்று திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அந்த மயிரிழை கண்ணுக்கே தெரியவில்லை. இருந்தும் தலையை ஆட்டி, “ஆமாமா, நானும் பாத்தேன்” என்றேன்.

“நீங்க பாத்தது வேற ஓட்டை அத்தான்” என்றாள்.

அவளுடைய தாய்மாமா ஒருவர் அவ்வப்போது வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். “பொம்பளப் புள்ள கட்டுன இன்ஜின், ஓடினாத்தான் நிஜம்” என்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள். கையில் ஸ்பானர் இருக்கும்போது அவள் யாருக்குமே பதில் சொல்ல மாட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. முதல்முறை இன்ஜினைக் கிளப்பும் நாளன்று எல்லோரையும் அவள் வரச் சொன்னதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நாள்தான் மேலே சொன்ன ஞாயிறு.

மாமியார் பூஜை சாமான்களோடு வந்துவிட்டார். குளிக்காமல் சாவி போடக் கூடாது என்று மகளைக் குளியலறைக்குத் துரத்தினார். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காலை ஆராதனைக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சட்டையோடு வந்தார். தாய்மாமா நாற்காலியில் இருந்தார். ஜீப்பின் முன்மூடி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆயில் கேன். முந்தின நாள் மச்சினி இன்ஜினுக்கு ஊற்றியது போக மீதி.

மாமியார் அந்தக் கேனைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார்.

“இவளுக்குத்தான் நலங்கு வைக்க விடமாட்டேங்குறா. இதுக்காவது வைக்கிறேன். மாப்ள, இதுக்கு எண்ணெய் எங்க ஊத்துவாங்க?”

அந்தக் கூட்டத்தில் வாகனத் தொழில்நுட்பம் அறிந்த ஒரே ஆண்மகன் என்ற முறையில் நான் மூடியைத் திறந்து காட்டினேன். மாமியார் ஒரு கை ஊற்றினார். என் மனைவி ஒரு கை. தாய்மாமாவுக்கு உரிமை இல்லாமலா, அவரும் எழுந்து வந்து ஒரு கை. “சார், நீங்களும் வாங்க, பெரியவங்க” என்று கூப்பிட்டதும் தலைமையாசிரியர் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு ஊற்றினார். கடைசியாக நான். எனக்குக் கை தாராளம். கேனில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நல்ல காரியத்தில் மீதி வைக்கக் கூடாது என்றார் மாமியார். அதையும் ஊற்றினோம். மச்சினி தலையைத் துவட்டியபடி வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் சாமி கும்பிட்ட முகத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.

சாவியைப் போட்டாள். முதல் திருப்பில் ஒரு முனகல். இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. டொக் டொக் என்று நிதானமான சத்தம். தலைமையாசிரியர் கைதட்டினார். தாய்மாமா, “பரவாயில்ல, ஓடுது” என்று நாற்காலியிலிருந்தே சான்றிதழ் கொடுத்தார். மாமியார் ஆரத்தித் தாம்பாளத்தோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். திருஷ்டி சுற்றி உடைக்க வேண்டிய பூசணிக்காய் என் கையில்.

அப்போது சத்தம் ஏறியது.

முதலில், அவள்தான் மிதிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், மிதிக்கவில்லை. சாவியை மூடினாள். நிற்கவில்லை. நிறுத்துவதற்கென்றே இருக்கும் கம்பியை இழுத்தாள். நிற்கவில்லை. தாம்பரத்துக்காரர்களுக்கு விமானச் சத்தம் புதிதில்லை, ஆனால் அது எப்போதும் தலைக்கு மேலே கேட்கும். இது எங்கள் வாசலிலிருந்து கிளம்பியது. வெள்ளையும் நீலமுமாகப் புகை தெருவை மூடியது. இன்ஜின் அலறிய அலறலில் வண்டியே குதித்தது.

பிறகுதான் காரணம் தெரிந்தது. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிவதற்கு ஏதாவது எண்ணெயும் கொஞ்சம் காற்றும் கிடைத்தால் போதும். நாங்கள் அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில், உள்ளே பொங்கி, காற்று போகும் வழியில் ஏறி, அதுவே எரிய ஆரம்பித்துவிட்டது. சாவியை மூடினால் டீசல்தான் நிற்கும். நாங்கள் வைத்த நலங்கு நிற்குமா? அப்படியே விட்டால் வேகம் ஏறி ஏறி, கடைசியில் இன்ஜின் வெடித்து உள்ளே இருக்கும் இரும்பெல்லாம் வெளியே பறக்கும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் என் கால்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவை என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டன. மின்கம்பத்தைத் தாண்டினேன். எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த தெருநாயைத் தாண்டினேன். தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், பூசணிக்காய தூக்கினு ஓடுறீங்க? யாருனா தொரத்துறாங்களா?”

திரும்பிப் பார்த்தேன். மனைவி, தாய்மாமா, தலைமையாசிரியர் எல்லோரும் எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால். மாமியார் மட்டும் ஓடவில்லை. தைரியத்தால் அல்ல. பயத்தில் கால் வரவில்லை. திறந்த முன்மூடிக்கு நேர் எதிரே, தாம்பாளத்தைப் பிடித்தபடி சிலையாக நின்றார்.

மச்சினி வண்டியிலிருந்து குதித்தாள். அத்தனை பேரும் எந்தப் பக்கத்தை விட்டு ஓடினோமோ, அந்தப் பக்கம் போனாள். புகைக்குள் அவள் அம்மாவை ஒரே தள்ளாகத் தள்ளியது தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் உச்சத்துக்குப் போனது. சட்டென்று ஒரு குலுங்கல். நிசப்தம்.

புகை விலகியது. அவள் நின்றாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை சிவப்பு.

நான் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பூசணிக்காய் உருண்டு சாக்கடையோரம் போனது. யாரைக் கூப்பிடுவது, ஆம்புலன்சுக்கு என்ன எண் என்று எதுவும் ஞாபகம் வரவில்லை. என் மனைவியிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பது மட்டும்தான் ஓடியது. மச்சினி நடந்தே என்னிடம் வந்தாள். குனிந்து என் கையைப் பிடித்தாள்.

“எந்திரிங்க அத்தான். ரத்தம் இல்ல. ஆரத்தி.”

இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் வடிகட்டி இன்னும் மாட்டவில்லை, அதன் வாய் திறந்திருந்தது. அம்மா கையிலிருந்த தாம்பாளத்தைப் பிடுங்கி, ஆரத்தித் தண்ணீரைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு, தட்டையான அடிப்பக்கத்தை அந்த வாயில் அழுத்தியிருக்கிறாள். தாம்பாளம் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. காற்று இல்லாமல் இன்ஜின் மூச்சடைத்து நின்றது. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்பதால்தான் தன் மேல் கவிழ்த்துக்கொண்டாளாம். அந்த நொடியில் ஒருவருக்கு இதெல்லாம் தோன்றும் என்பதை நான் இன்றுவரை நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது, செருப்பை மாட்டலாமா வேண்டாமா என்பது மட்டும்தான்.

திரும்பி வந்ததும் அவள் ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தாள். அளவுக் கோட்டை விட்டு எங்கேயோ மேலே எண்ணெய்.

“நேத்து நான் கரெக்டாதானே ஊத்துனேன்?”

அவள் பார்வை காலிக் கேனுக்குப் போனது. தலைமையாசிரியர்தான் முதலில் கையை உயர்த்தினார், வகுப்பில் மாணவன் உயர்த்துகிற மாதிரி. “நானும் ஒரு கை ஊத்தினேன்மா.” மாமியார் அழ ஆரம்பித்தார். “நலங்கு வெச்சோம்டி.” பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. என் கைதான் கடைசி.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்த முழு உரிமை இருந்தது. எத்தனையோ ஞாயிறுகளின் உழைப்பு. அவள் ஜீப்பின் முன்பக்க பம்பரில் உட்கார்ந்து காலிக் கேனின் மூடியைத் திருகினாள். மூன்று முறையும் மரை பிடிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

“பேசாம பழைய இன்ஜினையே மாட்டி, வந்த விலைக்குத் தள்ளிடு” என்றார் தாய்மாமா.

“இதுக்கு ஒண்ணும் ஆகல மாமா. வயித்துக்கு மேல சாப்ட்டுடுச்சு, அவ்ளோதான்.” பிறகு அம்மாவைப் பார்த்தாள். “அழாதம்மா. சாவி போட்டது நான். போடுறதுக்கு முன்னாடி கம்பிய உருவிப் பாக்க வேண்டியதும் நான்தான்.”

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவள் சொன்னது இதைத்தான். அலுவலக நண்பர்களிடம் போனில் பேசும்போதும், ‘நான் செக் பண்ணாம ஸ்டார்ட் பண்ணிட்டேன்’ என்றுதான் சொன்னாள். நலங்கு, மாமியார், தாராளக் கை எதுவும் அந்தப் பேச்சில் வரவில்லை. நான் அப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து, இதே கதையை என் நண்பனிடம் ‘நாங்க எல்லாம் சேந்து நிறுத்துனோம்டா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் போனை வைத்துவிட்டேன்.

மறுபடியும் ஞாயிறுகள். இன்ஜினைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உள்ளே பெரிய சேதம் இல்லை. மாற்ற வேண்டியதை மாற்றினாள், துடைத்தாள், மூடினாள். மாசி மாதம் ஒரு காலை, அதே ஆட்களை, ஒருவரைக்கூட விடாமல், மறுபடியும் கூப்பிட்டாள். மாமியார் வரத் தயங்கியதற்கு, “நீ வராம நான் சாவி போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். வந்ததும் அளவுக் கம்பியை உருவி அம்மா கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். “இந்தக் கோடு வரைக்கும்தாம்மா நலங்கு.”

பிறகு என் மனைவியின் சப்பாத்திப் பலகையை என்னிடம் நீட்டினாள்.

“அத்தான், நீங்க இந்தக் காத்துக் குழாய்கிட்ட நில்லுங்க. சத்தம் தானா ஏறுச்சுன்னா என்னைப் பாக்காதீங்க. மூடிடுங்க.”

“நானா? நான் ஓடிடுவேன்மா. ஊருக்கே தெரியும்.”

“அன்னிக்கு எந்தப் பக்கம் ஓடணும்னு உங்களுக்குத் தெரியல. இன்னிக்குத் தெரியும்ல?”

பின்னாலிருந்து மனைவி, “பலகை பத்திரம், உடைஞ்சா ராத்திரி சோறுதான்” என்றாள். அவளுக்கு அவள் கவலை.

சாவி திரும்பியது. டொக் டொக் என்று பிடித்தது. நான் பலகையைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் ஏறுகிறதா ஏறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏறவில்லை. சூடாகும்வரை ஓட விட்டாள். தாய்மாமா எழுந்து வந்து, வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டிக் கொடுத்தார். அது அவர் பாஷையில் பெரிய பாராட்டு. அவள் இன்ஜினை நிறுத்திய பிறகும் நான் நகரவில்லை என்று மனைவி சொல்கிறாள்.

போன மாதம் அந்த ஜீப்பில் ஜவ்வாது மலைக்குப் போய்விட்டு வந்தாள். நான் அதே கோழைதான், அதில் மாற்றமில்லை. குக்கர் விசில் கொஞ்சம் நீண்டால்கூட என் கால் இப்போதும் வாசலைத் தேடுகிறது. ஆனால் தப்பி ஓடிய ஒருவனைக் கேலி செய்து ஒதுக்கிவிடாமல், கையில் ஒரு பலகையைக் கொடுத்து மிக ஆபத்தான இடத்தில் ஒருத்தி நிறுத்தினாள் என்ற நினைப்பு வந்ததும், அந்தக் கால் ஒரு நொடி தயங்கி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறது.