நனையாத பட்டை

எங்கள் டைவிங் கடையில் அவருக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். கடலுக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரை ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டுவதுதான் அவருடைய வேலை. கட்டி முடித்ததும் ஜாக்கெட்டின் கழுத்துப் பிடியைப் பற்றித் தூக்கி உலுக்குவார். சிலிண்டர் இம்மியும் நகராது. அது அவருக்குப் போதாது. "இன்னொருதரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பட்டையின் கொக்கியைத் திறந்து முதலிலிருந்து கட்டுவார். படகு ஓட்டுகிறவன் நான். எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணே, அது சிலிண்டரா, கைக்குழந்தையா? விடுங்கண்ணே."

"நீ உன் எஞ்சினைப் பாரு தம்பி. உள்ள போறது நீயில்ல."

உள்ளே போவது அவரும் இல்லை. எப்போதோ காதுச் சவ்வு கிழிந்து, இனி கடலுக்குள் தலையை விடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். குதிக்கும் முன் ஒருவர் முதுகை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லோரும் அப்படித் தொட்டுப் பார்த்துக் குதித்த பிறகு நான் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிவிடுவேன். அவர் மட்டும் தண்ணீரில் எழும் குமிழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸர் ஷெட்டுக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். கம்ப்ரஸர் ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். மனிதன் எப்படித்தான் இருக்கிறாரோ என்று நான் நினைப்பேன். ஆனால் அதை நிறுத்திய மறுநிமிடம் அவர் படியிறங்கி வந்துவிடுவார். "நாளைக்குக் காத்து எப்படி இருக்கும் தம்பி?" என்பார். நான் சொல்லும் பதிலைக் காதில் வாங்கவே மாட்டார். அவருக்குப் பேச்சுக் குரல் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே மகள். இதே படகில் தொழில் கற்றுப் பயிற்சியாளர் ஆனவள். அவள் கட்டுவாள், இவர் அவிழ்ப்பார். "அப்பா, நான் கட்டினதை அவுக்காதீங்க" என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் படகு நிறைய வாடிக்கையாளர்கள் இருக்கும்போது அவள் கட்டிய பட்டையை அவிழ்த்தார். அதோடு விட்டாரா? "இவ கட்டினா நான் ஒருதரம் பாத்தே ஆகணும். நம்ப முடியாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறொரு கடற்கரையில் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணமும் அங்கேயே நடந்தது; இவருக்குப் போனில் தகவல் வந்தது. அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு போன். நல்லாருக்கீங்களா, நல்லாருக்கேன், அதோடு சரி. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான்.

அப்படி இருக்கையில், கணவனோடு இந்தப் பக்கம் வருவதாகவும் ஒரு டைவ் போக ஆசைப்படுவதாகவும் மகளே போன் செய்தாள். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டிலிருந்து ஒரு கட்டிலை இரவல் வாங்கினார். அந்தக் குறுகிய படியில் அதை ஏற்றுவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. புதுப் போர்வையை விரித்து, அதன் மடிப்புக் கோடுகளைக் கையாலேயே தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஒரு ராத்திரி தங்கிட்டாப் போதும் தம்பி. உக்காந்து நாலு வார்த்தை பேசிட்டா எல்லாம் சரியாயிடும்."

"நாக்கை அடக்கிப் பேசுங்கண்ணே."

"அவ கட்டினதை இன்னைக்கு நான் தொடவே மாட்டேன். நீ வேணா பாரு."

வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஓயாமல் பேசுகிற ஆள். "மாமா, என் சிலிண்டரை நீங்களே கட்டிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மற்ற வாடிக்கையாளர்களோடு அரட்டைக்குப் போய்விட்டார். மகள் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிலிண்டரைச் சுற்றும் பட்டை நைலான். காய்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கடலில் ஊறியதும் தளர்ந்துவிடும். அதனால் முதலில் வாளித் தண்ணீரில் முக்கி, ஈரத்தோடு கட்ட வேண்டும். எங்களுக்கு இது அரிச்சுவடி.

அவள் பட்டையை முக்கினாள். இறுக்கிக் கொக்கியை மடக்கினாள். தூக்கி உலுக்கினாள். இவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் அவள் கொக்கியைத் திறந்து மறுபடி முதலிலிருந்து கட்டினாள். அப்பன் புத்தி அப்படியே! இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பூரித்துப்போய்விட்டது. கண் அவள் மேல் இருக்க, கை பாட்டுக்கு மாப்பிள்ளையின் சிலிண்டரைக் கட்டி முடித்தது. குதிக்கும் முன் அவள் கணவன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பட்டை இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லோரும் குதித்தார்கள்.

அன்று அவர் என்னைத் தூங்க விடவில்லை. "பாத்தியா அவ கட்டுறதை? பாத்தியா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். மகளின் சிலிண்டர் நின்ற இடத்தில் பலகை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. மாப்பிள்ளையின் சிலிண்டர் நின்ற இடம் காய்ந்து கிடந்தது.

"தம்பி, நான் நனைக்காமக் கட்டிட்டேன்."

"அவ கூடத்தானே இருக்கா. பாத்துக்குவா."

அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இறங்கிப் போகவும் முடியாது, கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது.

நல்லவேளை, எல்லோரும் முழுசாக மேலே வந்தார்கள். மாப்பிள்ளை ஏணியில் ஏறும்போதே சிரித்தார். "மாமா, சிலிண்டர் பாதியில கழண்டு சரிஞ்சிடுச்சு! இவதான் என்னை மணல்ல முட்டி போட வச்சு, மறுபடி இறுக்கிக் கட்டினா!"

படகு முழுக்க இவர் பக்கம் திரும்பியது. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

மகள் முகக் கண்ணாடியைக் கழற்றினாள். "அது என் தப்பு. ஜோடியாப் போறவ நான்தான் கவனிச்சிருக்கணும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

கரைக்கு வந்ததும் அவள் நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஜாக்கெட்டுகளை அலசினாள். இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நான்தாம்மா நனைக்காம விட்டேன்."

"தெரியும்ப்பா."

"அப்புறம் ஏன் உன் தப்புன்னு சொன்னே? திட்டிடும்மா. அன்னைக்கு நான் உன்னைப் பேசின மாதிரி நீயும் பேசிடு. எல்லாரும் இங்கதான் இருக்காங்க, கூப்பிடறேன்."

அவள் ஜாக்கெட்டை உதறிக் கொடியில் மாட்டினாள். "எங்க கடையிலயும் வேலை செய்யறவங்க சில நேரம் மறந்துடுவாங்கப்பா. நான் யாரையும் திட்டறதில்ல."

கோபமே இல்லாமல் சொன்னாள். கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் பாவி மகள், அவர் பிழைத்திருப்பார்.

"ராத்திரி தங்கிட்டு, காலையில போலாமேம்மா. மேல எல்லாம் தயாரா இருக்கு."

"இல்லப்பா, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு."

வாசல்வரை போனோம். ஆட்டோவில் ஏறும் முன் அவள் திரும்பி, "உடம்பைப் பாத்துக்கோங்கப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கோங்க சித்தப்பா" என்றாள்.

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். அது அவருக்கும் கேட்டது.