‘செல்வி தேர்வு’ அலமாரியும் சந்தேகக்காரர்களும்

புத்தகக் கடையில் எதை வேண்டுமானாலும் விற்கலாம், நமக்குப் பிடித்ததை மட்டும் விற்கக் கூடாது. விற்றால் ஊரே நம்மைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். கடையில் நின்று பொருள் விற்கிற அன்பர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். கைடுகளும் நீட் புத்தகங்களும்தான் கடைக்குச் சோறு போடுகின்றன. நானோ சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பைத்தியம். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாசலோரம் ஓர் அலமாரியைப் பிடித்து, ‘செல்வி தேர்வு’ என்று எழுதி ஒட்டி, புதிதாக வந்தவற்றில் எனக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கினேன். ஏன் பிடித்தது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதிச் சொருகினேன்.

முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள், வாங்கிப் போன யாராவது ஒருத்தர் திரும்பி வந்து, என் தேர்வில் இன்னொன்று வேண்டும் என்று தானாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அலமாரி பிளஸ் டூ கைடுக்குப் போய்விடும். அது போனால் எனக்கு பில் போடுகிற வேலைதான் மிச்சம்.

சிபாரிசின் பின்னணி

முதலில் வந்தவர் மின்துறையில் வேலை பார்க்கும் ஒரு சார். பறக்கும் சக்தியை இழந்த ஹீரோ ஒருவன் டவுன் பஸ் பிடித்துப் போய் ஆட்களைக் காப்பாற்றுகிற கதையை எடுத்து நீட்டினேன். சிரிப்பும் வரும், அழுகையும் வரும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் நான் எழுதிச் சொருகியதைப் படித்தார், என்னைப் பார்த்தார். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்ல புத்தகமா இருந்தா நீங்க சொல்லாமலே வித்துப் போயிருக்குமேம்மா?”

பேசாத இதழ்

அடுத்தது, வாயைத் திறந்தாலே சுவர் இடிந்துவிடும் ஒரு ஹீரோவின் கதை. அதனால் அவன் பேசுவதே இல்லை. சமீபத்தில் வந்த இதழ் முழுக்க ஒரு எழுத்துகூடக் கிடையாது, படங்கள் மட்டும்தான். என்ன துணிச்சல் என்று நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன்.

திருநள்ளாற்று அண்ணன் ஒருவர் மகளுக்கு வாங்கிப் போனார். மறுநாளே புத்தகத்தோடு வந்து நின்றார். வசனம் எதுவும் அச்சாகவில்லையாம். “அப்படித்தாண்ணே எழுதியிருக்காங்க” என்றேன். “எழுதியிருக்காங்களா, எங்க?” என்றார். பக்கம் பக்கமாக விரலை வைத்துக் கதையைச் சொன்னேன். பாவம், பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு நேரம் நீங்க சொன்னத அவங்க அச்சடிச்சே குடுத்திருக்கலாமே. மைய மிச்சம் புடிச்சு யாரு சாப்புடுறது?”

இரண்டு அட்டை

ஒரே இதழை இரண்டு மூன்று அட்டைகளில் போடுவது காமிக்ஸ்காரர்களின் பழக்கம். என்னைப் போன்ற பைத்தியங்கள் எல்லா அட்டையையும் வாங்கிப் பத்திரப்படுத்துவோம். இது மண்டபத்தூரிலிருந்து வந்த அக்கா ஒருவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு இரட்டைப் பையன்கள். ஆளுக்கொரு கதை வாங்கினால் மாற்றி மாற்றிப் படிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, நான் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சிவப்பு அட்டையில் ஒன்றும் நீல அட்டையில் ஒன்றும் எடுத்துப் போய்விட்டார்.

இரண்டும் ஒரே கதைதான் என்று வீட்டில் தெரிந்து அவர் திரும்பி வந்தபோது, நான் டீ குடிக்கப் போனதிலேயே ஏதோ உள்நோக்கம் இருப்பதாக அவருக்குப் பட்டிருந்தது. வேறு கதை மாற்றிக் கொடுத்தேன். அதையும் பழையதையும் அருகருகே வைத்துக் கடைசிவரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார். போகும்போது வாசலில் நின்று, ரோட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “ஒரே புள்ளைக்கு ரெண்டு சட்டைய மாட்டி ரெட்டப்புள்ளன்னு விக்கிறாங்க, கேக்க ஆளில்ல.”

அலைக்கு எதிரே நின்றவள்

என் தேர்வுகளில் உச்சம் இதுதான். கடலைக் கையால் நிறுத்துகிற ஒருத்தியின் கதை. அட்டையில் பனை உயரத்துக்கு அலை, எதிரே அவள். கிளிஞ்சல்மேட்டு பைபர் படகுக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க வந்தவர் அந்த அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கேட்டார்: “அன்னைக்கு இவ எங்க போயிருந்தா?”

சுனாமி பார்த்த எங்கள் ஊரில் எந்த நாள் என்று யாரும் கேட்க மாட்டோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கரையோரத்து ஆட்கள் இந்த அட்டையைத் தாண்டித்தான் கடைக்குள் வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது காமிக்ஸ் பைத்தியங்களின் முதல் சட்டம். அன்றைக்கு அதை மீறினேன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினேன். அட்டையில் இருப்பது அவள் காணும் கனவு. உண்மையில் அவள் தாமதமாகத்தான் வந்து சேர்கிறாள். கரையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் திட்டவில்லை, யாரும் சமாதானமும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் வந்து, கிழிந்த வலையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அவள் கையில் கொடுக்கிறான்.

அவர் அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவும் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸை அதன்மேல் வைத்து, பில் போடச் சொல்லி என் பக்கம் தள்ளினார். “வலைய யாரும் இப்புடிப் புடிக்க மாட்டாங்க. ஆனா பொய் இல்ல தங்கச்சி. போடுங்க.”

நிபந்தனை நிறைவேறிய நாள்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். கைடு கட்டுகள் வந்து இறங்கிவிட்டன. முதலாளி டேப்பை வைத்து என் அலமாரியை அளந்துகொண்டிருந்தார். அப்போது அதே கிளிஞ்சல்மேட்டு அண்ணன் உள்ளே வந்தார். என்னிடம் வரவில்லை, நேராக முதலாளியிடம் போனார். “அந்தத் தங்கச்சி எடுத்து வச்சதுல இன்னொண்ணு வேணும். எதுன்னாலும் சரி, அவங்களே எடுக்கட்டும்” என்றார். முந்தின நாள் வந்த புதுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போகிறவரை முதலாளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: “சொன்ன சொல்லு சொல்லுதான், அலமாரி ஒனக்குத்தான். ஆனா மறைக்காம சொல்லு செல்வி, அந்த ஆளு ஒனக்கு எந்த வழியில சொந்தம்?”

ஆக அன்பர்களே, முகமூடி மாட்டிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் ஒரு ஊரே நம்பிப் பின்னால் போகிற கதைகளைத்தான் நான் விற்கிறேன், இருக்கிற ஒரே மூஞ்சியைக் காட்டிக்கொண்டு.