கீறல் விழுந்த இரண்டாவது சிடி

சிடி பிளேயர் சூடேறினால், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் மணம் வரும். ஆரையம்பதியில் எங்கள் பக்கத்து வளவான சின்னம்மா வீட்டில் ஞாயிறு பின்னேரங்கள் அந்த மணத்தோடுதான் தொடங்கின. எனக்கு அப்போது பதினொரு வயது. படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

சின்னம்மாவின் புருசன் யுத்த காலத்தில் ஒருநாள் வாவிக்கு வலை போடப் போனவர், திரும்பி வரவேயில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கும்படி ஊரே சொல்லியும், "அவர் செத்திட்டாரெண்டு என்ர கையால எழுதிக் குடுக்க ஏலா" என்று சின்னம்மா மறுத்துவிட்டார். பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிடிக்கடை ராசன் மாமாவோ, மனைவியையும் கைக்குழந்தையையும் சுனாமியில் கடல் கொண்டுபோன பின் கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுப்பவர்.

அந்தக் காலத்துப் படங்கள் இரண்டு சிடியாக வரும். மாமா முதலாவதை மட்டும் கொண்டுவந்து, "மற்றதை மறந்திட்டன் அக்கா" என்று, எங்களோடு படம் பார்க்க வந்திருக்கும் என் அம்மாவிடம் தலையைச் சொறிவார். மறதியாவது மண்ணாவது, சின்னம்மா வீட்டுக்கு மறுபடி வருவதற்கு ஒரு சாட்டு என்று எனக்கே விளங்கியது. அம்மாவும் தெரியாதவர் போலத் தேத்தண்ணி ஊற்றுவார். இந்த மனுசன் சின்னம்மாவோடு சேர்ந்துவிட வேண்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படங்களைவிட அதிகமாக ஆசைப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த படம், தினமும் ஒரே பஸ்ஸில் போகும், உள்ளுக்குள் உடைந்துபோன இருவரைப் பற்றியது. சின்னம்மா கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, "இதுகள் ரெண்டும் சேருமா?" என்று தானாகவே கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே கடையில் இரண்டாவது சிடியை வாங்கி, சின்னம்மா சந்தைக்குப் போன நேரம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் தனியாகப் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். இதைப் பார்த்தால் சின்னம்மா பழையபடி ஒடுங்கிவிடுவார் என்று பயந்து, ஊசியால் சிடியை நன்றாகக் கீறி, ஒன்றும் அறியாத பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிறன்று படம் பாதியில் இறுகி நின்றது. மாமா துடைத்தார், ஊதினார், இடுப்புச் சாரத்தில் தேய்த்தார், அசையவில்லை. "முடிவை நீங்களே சொல்லுங்க" என்றார் சின்னம்மா. கடைக்கு வரும் படமெல்லாம் பார்ப்பவர் மாமா, முடிவு தெரியாமலா இருக்கும்? சிடியை உறைக்குள் போட்டபடி, "ரெண்டு பேரும் ஒரே வீட்டதான் இரிக்காங்க" என்றார்.

"ஆர்ர வீட்ட?" என்றார் சின்னம்மா.

"அந்தப் பொம்பிளைர வீட்டதான். பின்ன வேற என்னண்டு?"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். படம் எடுத்தவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? மனுசனின் பொய் அந்த இடத்தில் பிடிபட்டது. சின்னம்மா சிரித்துவிட்டார்.

மறுவருசம், மரணச் சான்றிதழ் இல்லாததால் கலியாணப் பதிவு இல்லை, மேளமும் இல்லை. அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மாமா ஒரு சூட்கேசோடு சின்னம்மா வீட்டுக்கு வந்தார்.

இன்று சிடியும் இல்லை, கடையும் இல்லை. அந்த இடத்தில் போன் கவர் தொங்குகிறது. ஒருவர் வீட்டில் கூடியிருந்து படம் பார்ப்பாரையும் காணோம். போன மாதம் சின்னம்மா வீட்டுக்குப் போனபோது, முன்னறையில் மாட்டியிருக்கும் சின்னம்மாவின் முதல் புருசனின் படத்தைக் கழற்றி ராசன் மாமா தூசி துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய அன்றாட வேலை என்றார் அம்மா. "ஒரு மாலை போடலாமே மாமா" என்று என் வாய் சும்மா இராமல் கேட்டது.

"அவ சொல்லாமப் போட ஏலா புள்ள. அதுவரைக்கும் அவர் உயிரோட இரிக்கிறவர்தான்."

படத்தை ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று சின்னம்மாவைக் கேட்டார்.