அண்ணனின் ஈரச் சட்டை

எங்கள் தீவின் மேட்டு ஊரான கியூர்பிப்பில் துணி துவைப்பது ஒரு வேலையே இல்லை, காயவைப்பதுதான் வேலை. மழை, மழை விட்டால் மூடுபனி, பிறகு மறுபடி மழை. கரித் தணலின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு சட்டையாக அதன்மேல் விரித்துக் காயவைப்பேன்.

அந்த வருஷம் புயல் என் அண்ணன் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. நனைந்த மெத்தையைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பல வருஷங்களுக்கு முன், ரோஸ் பெல் பக்கத்துக் கரும்புத் தோட்டமொன்றில் வேலைநிறுத்தம் நடந்தபோது, முதலாளியிடம் என் கணவரின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எங்களுக்கு வேலை போனது, தோட்டத்து வீடும் போனது. பிறகு ஓர் ஈஸ்டர் அன்று மாதா கோயில் வாசலில் அழுதார். மன்னித்தோம். பொய்யில்லை, மனதாரவே மன்னித்தோம். ஆனால் அன்று அவர் தம் வீட்டுக்குப் போனார், நாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தோம்.

இப்போது ஒரே வீடு. அவர் மெல்லும் சத்தம். நாங்கள் பிரெஞ்சில் சொல்லும் செபமாலையில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடும் குரல். "உப்பு கொஞ்சம் கம்மி, தங்கச்சி."

ஒரு சனிக்கிழமை என் கணவர் தணல் பக்கம் வந்து குந்தினார்.

"உங்கண்ணன் சட்டை எப்பவும் கடைசியிலயா?"

"ஏதாவது ஒண்ணு கடைசியா இருக்கத்தானே வேணும்."

"அவரு முறை வர்றதுக்குள்ள தணல் அவிஞ்சிருது. ஈரத்தோட பூசைக்கு வர்றாரு. இருமறது கேக்கலயா?"

"மன்னிச்சாச்சு. இன்னும் என்ன செய்யணும்? புனிதையாகி பீடத்துல ஏறி நிக்கணுமா?"

"ஏறிராத. சோறு யாரு ஆக்குறது?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். வேலையை இழந்தவர் அவர். கோபத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார் போல.

இருமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம். கடவுள் என்னை மன்னித்தது ஒரே மூச்சில் முடிந்திருக்கும். என்னை மாற்றுகிற வேலைதான் முடிந்தபாடில்லை. அது தினமும் என் கை வழியாகவே நடக்க வேண்டியிருக்கிறது. கையோ வர மறுக்கிறது.

அன்று அண்ணன் சட்டையை முதலில் விரித்தேன். அன்பு ஒன்றும் பெருகவில்லை. முதுகு வலித்தது. சூடாக எடுத்துக் கொடுத்தேன். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "காலர்ல கொஞ்சம் புகை வாசம்," என்றார்.

பல்லைக் கடித்தேன். அவருடைய இன்னொரு சட்டை வாளியில் கிடந்தது. எடுத்துப் பிழிந்தேன். தணலில் இன்னும் கொஞ்சம் கரி போட்டேன்.