வறண்ட வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம்: என் புராஸ்டேட் ஆபரேஷன் பயணம்

போன மே மாதம் திடீரென்று எனக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. திருப்பனந்தாளில் டியூப் போட்டுவிட்டு, புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்றார்கள். தண்ணீரைப் பீச்சியே அந்த வீக்கத்தைச் செதுக்கி எடுக்கும் ரோபோ தஞ்சாவூரில் இருக்கிறதாம். அதுவும் சரிவராவிட்டால் ஆயுசுக்கும் டியூபும் பையும்தான். அப்படி இருப்பதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது எனக்கு.

கும்பகோணம் வழியாக அறுபது கிலோமீட்டர். கார் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவன் எங்கள் தெரு செல்வம். ஊரைத் தாண்டியதும் பாலத்தோரம் நிறுத்தச் சொல்லி, பையைக் கருவேலப் புதரில் கொட்டினேன். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனாலும் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"கேக்குதா செல்வம்?"

"ஒண்ணும் கேக்கலீங்களே."

உச்சி வெயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதும், இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ கிடப்பதுபோல் ஆகிவிட்டது. டாக்டர் தள்ளி உட்கார்ந்து, திரையில் செதுக்கவேண்டிய இடத்துக்குக் கோடு போட்டார். "மெஷின் இந்தக் கோட்டுலதான் போகும். அசைஞ்சிடாதீங்க" என்றார். தூக்கத்துக்கும் கொஞ்சம் மருந்து ஏற்றினார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. பாலத்தோரம் கேட்ட அதே சத்தம், இப்போது என் உடம்புக்குள்ளிருந்து. அகாலத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் விவசாயிகளான எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், கரை உடைந்துவிட்டது. எங்கே படுத்திருக்கிறேன் என்பதே மறந்துபோய், "உடைப்பு! மண்வெட்டிய எடுங்கடா!" என்று கத்திக்கொண்டு எழப் பார்த்தேன். நர்ஸ் தோளை அமுக்கினாள். நல்லவேளை, கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மணல் மூட்டை போட்டு அடைச்சாச்சுங்க. நீங்க படுங்க."

அவரும் ஒரத்தநாட்டு விவசாயக் குடும்பமாம். அந்தப் பேச்சில்தான் அடங்கினேன்.

போகிறவர்களுக்கு: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேன்ட் வேண்டாம், வேட்டிதான் தோது. சில நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம் என்று எனக்குச் சொன்னார்கள், போனது. விவசாயி என்றால் அதையும் சொல்லிவையுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

டியூபை எடுத்தபிறகு சுமாராகத்தான் வந்தது. இதுவே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. திரும்பும்போது அதே பாலத்தில் முட்டிக்கொண்டு வர, இறங்கி அதே புதரோரம் போனேன். தடையில்லாமல் வந்தது.

"தண்ணி சத்தம் கேக்குதுங்கய்யா!" காருக்குள்ளிருந்து செல்வம்.

"நான்தான்டா!" சிரித்தேன். சந்தோஷத்தில் அழுகையும் வந்துவிட்டது.

முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். செல்வம் வண்டியை எடுக்கவில்லை. வறண்ட வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கேக்குதுங்கய்யா" என்றான்.