நாற்பதாவது வரி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய டைப்பிஸ்ட் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவள் எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய படிப்பாளி ஒருவரின் லட்சணத்தை எங்காவது சொல்லி வைக்க வேண்டும் என்றுதான் துணிந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. டிவிப் பெட்டியில் மாட்டி ஓட்டும் பழைய மெஷினில் மழை அளவுக்கும் மிளகு எடைக்கும் எழுதிய புரோகிராம் எதுவும் அதில் ஓடவில்லை. மற்ற எஸ்டேட்டுகளிலோ இன்னும் பழைய மெஷின்தான். அகராதியை வைத்துக்கொண்டு மேனுவலைப் படித்து, ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்குப் புரியும்படி மாற்றும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். அதற்குக் கம்பைலர் என்று பெயராம்; எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. அதன் வரிகளை ஒளிக்காமல் டிஸ்க்கில் போட்டு பஸ்ஸில் அனுப்புவேன். மாரமங்கலத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என் தப்புகளைத் திருத்தி, தலைச்சோலை ஆபீஸுக்கும் ஒரு காப்பி கொடுத்துவிட்டு, திருப்பி அனுப்புவார். அப்படித்தான் அது வளர்ந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் எங்கள் கணக்குகளை ஓட வைக்க மேனேஜர் சொல்லியனுப்பி, மெட்ராஸிலிருந்து நிபுணர் வந்தார். டை கட்டியிருந்தார். மலை வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்பில் இரண்டு நாள் லாட்ஜில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் என் டிஸ்க்கை வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த எங்கள் பெயர்களை அழித்துத் தன் பெயரைப் போட்டார். அவர் பட்ட பாடு அவ்வளவுதான். பிறகு மேனேஜரிடம் போய், இது தான் எழுதியது, வரிகளைப் பூட்டி வைக்க வேண்டும், வெளியே போன டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றார். கண்டவர்கள் கை வைத்தால் கெட்டுப்போகுமாம். மேனேஜர் தலையாட்டினார். பூட்டினால் மற்ற ஆபீஸ்களில் வேலை நின்றுவிடும்.

டிஸ்க்கை ஒப்படைக்க மாரமங்கலத்து ரைட்டர் வந்திருந்தார். அவருக்கும் மேனேஜருக்கும் முன்னால் நிபுணர் ஒரு கணக்கைத் தட்டி, கம்பைலரை ஓட்டிக் காட்டினார். நாற்பதாவது வரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: 'ஏனுங்க, 40-வது வரி புரியலீங்க. கொஞ்சம் பாருங்க.'

தப்பு வந்தால் மெஷின் இங்கிலீஷில் எரிந்து விழுவது பிடிக்காமல் நான் எழுதி வைத்தது. முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

ரைட்டர் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சார், மெட்ராஸ்ல மெஷினெல்லாம் நொம்ப மரியாதையாப் பேசுங்களா?"

"அது வைரஸ்," என்றார் நிபுணர்.

"வைரசுக்கு நம்மூர்ப் பேச்சு எப்படிங்க வந்துச்சு?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எழுதினது நீயாம்மா?"

"நாங்க எல்லாரும் சேர்ந்துதானுங்க. பூட்ட வேண்டாமுங்க," என்றேன்.

மேனேஜர், டிஸ்க்குகள் பழையபடியே போகட்டும் என்றார். சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று நிபுணர் விசாரித்தார். அவர் கேட்டதிலேயே விஷயமுள்ள கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாள் மழை. நான்கு டிஸ்க்குகளை பாலித்தீன் பையில் சுற்றி மாரமங்கலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.